குழாயடி ஊழியம்

இரண்டு பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவனுக்கு ஒரு விசேஷ வசதி உண்டு: இரண்டு பக்கத்துத் திட்டும் அவனுக்குப் புரியும். ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ சம்பந்தம் பேசும் இடத்திலோ அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டவர்களே, எண்பதுகளின் நடுவில் ஒரு வெளிநாட்டு ஊழியக் குழுவோடு தாராவியில் நான் பட்டதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஆள் எடுத்த விதம்

குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு ராத்திரிக் காவல். தூங்காமல் இருப்பதற்காக இங்கிலீஷ் படித்தவன் நான். பழைய பேப்பர் கடையில் வாங்கிய அகராதியில் முதல் முப்பது பக்கம் கிடையாது. அந்தப் பக்கங்களில் இருந்த வார்த்தைகள் இல்லாமலே இத்தனை வயது ஓட்டியாயிற்று.

எங்கள் சந்துக் கோயிலின் பாஸ்டர் ஐயா ஒரு நாள் காலையில் வந்தார். நாலு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சந்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார்கள், அந்த வகுப்புக்காகத்தான் கடல் தாண்டி வருகிறார்கள், மொழிபெயர்க்க நீர்தான் வேண்டும் என்றார். பகலில் நான் தூங்க வேண்டுமே என்றேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவனை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"தூக்கமெல்லாம் ஒரு வேலையா வேய்?"

முதல் பேச்சு

குழுத் தலைவர் பீட்டர், தாடிக்காரர், அறுபது வயதிருக்கும். வந்த அன்றே சந்து நடுவில் நின்று பேசினார். விமானத்தில் வாந்தி எடுத்தது, பெட்டி தொலைந்தது, இருபது வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் இந்தியா என்ற பெயரைக் கேட்டு அழுதது என்று கால்மணி நேரம் போயிற்று. நான், "உங்களையெல்லாம் பார்த்ததில் சந்தோஷம் என்கிறார்" என்றேன்.

எங்கள் சந்தின் நாட்டாமை மாதிரி ஒருத்தி உண்டு, செல்லத்தாய். குழாயடியில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவரு அம்புட்டு நேரம் பேசுனாரு, நீங்க இத்துனூண்டு சொல்லுதிய. மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு போறியளோ அண்ணாச்சி?"

ஒன்பது டீ

டீயை வேண்டாம் என்றால் இந்தியர் மனசு புண்படும் என்று பீட்டருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்பது வீட்டில் ஒன்பது டீ குடித்தார். பிறகு என் காதில் ஒரு சமாச்சாரம் சொன்னார். பொதுக் கக்கூசுக்குக் கூட்டிப் போனேன். முன்னால் பதினாலு பேர், கையில் பதினாலு டப்பா.

விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் வழி விட்டார்கள். தோல் பட்டறை காதர் பாய் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டவர். அவரும் ஒதுங்கி நின்றுவிட்டு என்னிடம் சொன்னார்:

"இன்னிக்கு விருந்தாளி, சரி. நாளையிலேருந்து லைன்னு சொல்லிருங்க பாய்."

சுத்தம்

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாள் மத்தியானம் கோயில் பாயில் தலை சாய்த்தேன். முந்தின ராத்திரி முழுக்க விழித்தவன், இரண்டு மணி நேரம் செத்துப் போனேன்.

எங்கள் சந்துக்கு ஒரே குழாய். தண்ணீர் சாயங்காலம் நாலு மணிக்கு வரும், ஆறுக்குள் நின்றுவிடும், கடைசியில் இருப்பவருக்குச் சில நாள் கிடைக்காது. ஆகவே காலையிலேயே அவரவர் இடத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டுப் போவார்கள். குடத்தை வைத்தால் திருடு போகும் என்பதால் செங்கல், ஓட்டை வாளி, ஒற்றைச் செருப்பு, துருப்பிடித்த எண்ணெய் டின். நாலு வெள்ளைக்காரர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். சந்தில் எல்லாரும் உள்ளே படுத்திருந்த நேரத்தில், ஒரு குப்பை விடாமல் பொறுக்கி, மூன்று சாக்கில் கட்டி, ரோட்டோரக் கச்சராக் குவியலில் போட்டுவிட்டுப் பெருக்கியும் விட்டார்கள்.

நான் விழித்தது சத்தம் கேட்டு. மணி மூன்றரை. முப்பது பெண்கள், முப்பது பேரும் முதல் மூன்று இடத்துக்குள். என் மனைவியும் "மூணாவது நான்தான்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பீட்டர், துடைப்பமும் கையுமாக, இவர்கள் சந்தோஷத்தில் அழுகிறார்களா என்று என்னைக் கேட்டார். அவர் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவார். என் வீட்டுக் குடம் இதே குழாயில்தான் நிறைய வேண்டும். செல்லத்தாய் என் பக்கம் திரும்பினாள்.

"இனி இந்தச் சந்துலேருந்து ஒத்தப் பிள்ள ஒங்க வகுப்புக்கு வராது. சொல்லுங்க அவருகிட்ட, ஒரு வார்த்த கொறைக்காம சொல்லுங்க!"

முன்னும் பின்னும்

முதல் தடவையாக ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். குழுவில் சின்னவள் ஹன்னா. இருபத்திரண்டு வயது. கேட்டு முடித்ததும் ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். கச்சராக் குவியலில் முழங்கால் வரை இறங்கி மூன்று சாக்கையும் இழுத்தாள். திரும்பியபோது நாலுக்குப் பத்து நிமிஷம்.

சாக்கைக் கொட்டினால் சண்டை இரட்டித்தது. செங்கல் யாருடையது என்று தெரியும். எந்த இடம் என்பதில்தான் ஆளுக்கொரு சாட்சி. அப்போது ஹன்னா பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்தாள். எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளுமே, அந்த மாதிரி கேமரா அவளிடம் இருந்தது. தங்கள் ஊர்க் கோயிலில் காட்டுவதற்காக, பெருக்குவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள்.

செல்லத்தாய் 'முன்' படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். சந்து அடங்கியது. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அவள் வைக்கச் சொல்ல, ஹன்னா குனிந்து குனிந்து வைத்தாள். முதலில் செருப்பு. அப்புறம் வாளி. மூன்றாவது ஒரு செங்கல், வேறு ஒருத்தியுடையது. குழாய் சீறத் தொடங்கியபோது செல்லத்தாய் என் மனைவியைப் பார்த்தாள்.

"மூணாவதுன்னு குதிச்சியே ஏளா, ஒன் டின்னு ஏழாவதுல்லா கெடக்கு!"

கடைசி இடம்

மறுநாள் சுண்ணாம்பு கலக்கத் தண்ணீர் வேண்டும். ஹன்னா வாளியோடு சந்து முனையில் நின்றாள், பக்கத்தில் வரப் பயம். செல்லத்தாய் ஓர் அரைச் செங்கலை எடுத்து வரிசையின் கடைசியில் போட்டு, இது உனக்கு என்று கையால் காட்டினாள். அன்று தண்ணீர் கடைசி வரை வரவில்லை. ஹன்னா காலி வாளியோடு திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கான வார்த்தை என் அகராதியில் கிழிந்துபோன பக்கத்தில் இருந்திருக்கலாம்.

வகுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை என் வாசலில் வந்து நின்றாள் செல்லத்தாய்.

"நாளைக்கு மூணரைக்கே முடிச்சிரச் சொல்லுங்க. நாலு மணிக்குப் பிள்ளைய எல்லாம் கொடம் பிடிக்கணும்."

படம் யாருக்கு

கிளம்புகிற அன்று பீட்டர் இரண்டு படத்தையும் கேட்டார். 'பின்' உடனே கிடைத்தது. 'முன்' செல்லத்தாய் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. அவருடைய வேண்டுகோளை நான் மரியாதையாக எடுத்துச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"வெளக்குன சந்து அவருக்கு எதுக்கு ஆகுமோ ஆகட்டும். எங்க நம்பர் எங்ககிட்ட இருக்கட்டும்."

அவர்கள் ஊர்க் கோயிலில் எங்கள் சந்து இன்னமும் சுத்தமாக இருக்கும், எங்கள் சந்தில் அது ஒரு மணி நேரம்தான் சுத்தமாக இருந்தது, இரண்டுக்கும் நடுவில் நின்ற நான் அந்த ஒரு மணி நேரமும் தூங்கிக்கொண்டிருந்தேன்.