ஈயச் சுரங்கத்தில் விளக்கை அணைத்தபோது

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்தோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு கோச் பஸ்ஸில் டார்பிஷயர் மலைப்பக்கம் கூட்டிப் போனார்கள். பழைய ஈயச் சுரங்க ஊர். வெந்நீர் ஊற்றும் உண்டாம்.

பத்து வயது மகள் ஏறுமுன்பே சொல்லிவிட்டாள்.

“அம்மா, என்ர ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வருகினம். கையைப் பிடிக்கக் கூடாது. ப்ரொமிஸ்?”

“ஓம், ப்ரொமிஸ்.”

வீதி கடக்கும்போதும், கடைக்குள்ளும், பள்ளிக்கூட வாசல்வரையும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தே பழகியிருந்தேன். அன்று கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

ஊற்று ஏமாற்றியது. கல் தொட்டிக்குள் விழுந்த தண்ணீர் வெறும் வெதுவெதுப்பு. சோப்பும் துவாயும் கொண்டுவந்திருந்த ஒரு அக்கா விரலை விட்டுப் பார்த்தார்.

“ஊரில கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரிச் சுடுமெண்டு நம்பி வந்தன். இது எங்கட வீட்டு பொயிலர் பழுதான நாள் மாதிரியெல்லோ கிடக்கு!”

எல்லோரும் சிரித்தோம். நான் சிரிப்பதை மகள் திரும்பிப் பார்த்தாள்.

சுரங்கத்துக்குள் அவள் தோழிகளோடு நடந்தாள். நான் இரண்டடி பின்னால். அந்தக் காலத்துத் தொழிலாளிகள் கண்ட இருட்டைக் காட்டுகிறேன் என்று வழிகாட்டி விளக்கை அணைத்தார். பிறகு சுத்தியலால் பாறையில் ஓங்கி அடித்தார்.

மறுபடி வெளிச்சம் வந்தபோது நான் மகளை ஈரத் தரையில் தள்ளி, அவள்மேல் குப்புறக் கிடந்தேன். கடைசியாக அப்படிக் கிடந்தது யாழ்ப்பாணத்தில், ஷெல்லடிக்குப் பயந்து வெட்டிய பங்கர்க் குழிக்குள். அவள் அப்போது கைக்குழந்தை. அவளுடைய அண்ணன் முற்றத்தால் எங்களிடம் ஓடி வந்துகொண்டிருந்தான். வந்து சேரவில்லை.

ஒரு பிள்ளை சிரித்தது. அதன் தாய் அதட்டினார்.

வெளியே வந்ததும் மகளை அந்தத் தொட்டிக்குக் கூட்டிப்போய், உரசுப்பட்ட முழங்காலைக் கழுவினேன். அந்த அக்கா துவாயை நீட்டினார்.

“நோகுதோ?”

“இல்லை.” துவாயால் முழங்காலை ஒற்றியபடி, “அண்ணாவை நினைச்சனீங்களோ?” என்று கேட்டாள்.

அவளுக்கு அவனைப் படத்தில் மட்டும்தான் தெரியும். எப்படிப் போனான் என்று நான் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. துவாயை மடித்துக் கொடுத்தேன்.

கோச்சுக்குத் திரும்பும் வழியில், தோழிகள் பார்த்துக்கொண்டிருக்கவே, அவள் என் பக்கம் வந்தாள். நான் அவளைப் பிடிக்கிற விதமாகவே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். லண்டன் வரும்வரை விடவில்லை.