மூட்டையில் வரும் கடல்

விரிப்பை உதறுவதற்கு முன் அக்கா அதை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவார். பிறகுதான் உதறல். இரண்டு நுனிகளையும் பிடித்து, தோள் உயரத்துக்குத் தூக்கி, ஒரே சுண்டு. லாண்டரியின் பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் மணல் சரசரவென்று விழும். “எட்டாம் நம்பரு,” என்பார், யாரிடம் என்றில்லாமல். “சின்னக் குழந்த வந்திருக்கு. பிஸ்கட்டுத் தூளு.” பிறகு அதை மடித்து வெள்ளைத் துணிகளின் குவியலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்.

செவ்வாயும் வெள்ளியும் கடற்கரை ரிசார்ட்டின் மூட்டைகள் வரும் நாள். சின்ன ரிசார்ட்தான், மொத்தம் பன்னிரண்டு அறை. ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் அழியாத மையில் அறை எண் போட்டிருக்கும். பதினோரு வருடமாக அந்த விரிப்புகளை உதறியும் வெளுத்தும் தேய்த்தும் அந்தப் பன்னிரண்டு அறைகளும் இவருக்கு அத்துப்படி. ஐந்தாம் எண்ணில் பக்கத்திலேயே ஏதோ பூச்செடி இருக்கிறது, மகரந்தக் கறை வருகிறது. பன்னிரண்டாம் எண் வெயில் படும் அறை. ஆனால் ரிசார்ட்டை இவர் பார்த்ததில்லை. கடலையே பார்த்ததில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் தூரம். கணவர் லாரி ஓட்டுகிறவர். கடலை மூன்று பக்கமிருந்தும் பார்த்தாயிற்று, எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர்தான் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவாராம்.

“கடலே எனக்கு மூட்டையில வந்து எறங்குது டீச்சர். நான் எதுக்குப் போகணும்?” என்று சிரித்தபடி ஒருநாள் சொன்னார். நான் அதை அப்படியே நம்பித் தொலைத்தேன்.

நான் டீச்சர். பள்ளி இறுதித் தேர்வில் ஒருமுறை சறுக்கியவர்களுக்கும், எழுதாமலே விட்டுப்போனவர்களுக்கும் மாலை வகுப்பில் தமிழ் நடத்துகிறவள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மாடியில் வகுப்பு. இந்த வருடம் பன்னிரண்டு பேர். பதினோரு பேருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. பன்னிரண்டாவது ஆளுக்கு நாற்பத்து மூன்று. பிள்ளைகள் வைத்த பெயர் இஸ்திரி அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்பதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்புகள், வளையல் போட்டதுபோல மூன்று வரிசை. பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே வகுப்பு முழுக்கத் தேடுவார். கையில் எது கிடைத்தாலும் மடிப்பார். வினாத்தாள், பஸ் டிக்கெட், சிப்ஸ் தின்று எறிந்த காகிதப் பை, பக்கத்து இருக்கைப் பெண்ணின் துப்பட்டா, எல்லாம் ஓரத்தோடு ஓரம் பொருந்தி நிற்கும். எழுதத் தொடங்கும் முன் தாளை உள்ளங்கையால் மூன்று முறை நீவுவார். “சுருக்கம் இருந்தா எழுத்து நிக்காது டீச்சர்.” இந்த நீவலில் மாதிரித் தேர்வில் பத்து நிமிடம் போய், கட்டுரை பாதியில் நின்றது. திட்டினேன். அடுத்த தேர்வில் இரண்டு முறை மட்டும் நீவினார்.

பதினேழு வயதில் இவர் படித்த வகுப்பு தேர்வு எழுதியது, இவர் எழுதவில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போக, வீட்டில் ஒரு சம்பளம் தேவைப்பட்டது. தேர்வு முடிந்த கையோடு கூடப் படித்தவர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய் எங்கோ தண்ணீரில் ஆடிவிட்டு வந்தார்கள். வந்து ஆளாளுக்குச் சொன்னார்கள். இவர் எல்லாக் கதையையும் கேட்டுக்கொண்டாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் ஒரு பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

இலக்கண வகுப்பில் ‘நாம்’, ‘நாங்கள்’ வந்தது. என் வழக்கமான உதாரணத்தை எடுத்துவிட்டேன். ஒருவர் உங்களைப் பார்த்து ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்றால் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், உங்களுக்குத் தட்டு கிடையாது. ‘நாம் சாப்பிடப் போகிறோம்’ என்றால் எழுந்து கை கழுவலாம். வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. யார் எப்போது ‘நாம’ சொன்னார்கள், யார் ‘நாங்க’ சொன்னார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார். தினமும் வகுப்புக்கு ஒரு செய்தி வரும். “எங்க மொதலாளிய கவனிச்சேன் டீச்சர். முந்நூறு ஷீட்டு முடிக்கணும்னா ‘நாம’. புது மெஷின் வாங்கிட்டோம்னு சொல்றப்ப ‘நாங்க’.” கணவர் போனில் பேசும்போது லாரியையும் தன்னையும் சேர்த்து ‘நாங்க’ என்கிறாராம். “நான் வெளியில, லாரி உள்ள,” என்று சொல்லி அவரே சிரித்தார். இத்தனை வருடம் கற்பித்ததில் இலக்கணத்தை இப்படி உடம்பில் உடுத்திக்கொண்டு அலைந்த மாணவியை நான் பார்த்ததில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பிள்ளைகள் ஒரு திட்டம் போட்டார்கள். தேர்வு முடிந்ததும் கடற்கரையில் இரண்டு நாள். அதே ரிசார்ட்தான். வகுப்பின் லீடர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்ட ஒரு பெண் உண்டு. நல்ல பிள்ளை, படபடவென்று பேசுவாள். அவள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, அக்காவையும் கூப்பிடலாமா, வருவார்களா என்று கேட்டாள். நான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: “அவங்க எங்க வரப்போறாங்க? லாண்டரியில லீவே குடுக்க மாட்டாங்க. கூப்பிட்டு சங்கடப்படுத்தாதீங்க.”

எனக்கு எப்போதுமே வாய் முந்தும், புத்தி பின்னால் வரும். அன்று புத்தி வரவே இல்லை. ஒருவர் வாழ்க்கையில் அவர் சார்பாக நான் ‘இல்லை’ சொல்லிவிட்டு இறங்கிப் போனேன், அந்த பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து, வகுப்பு நடுவே லீடர் எழுந்து, “பரீட்ச முடிஞ்சதும் நாங்க பீச்சுக்குப் போறோம் டீச்சர்,” என்றாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அக்காவும் தட்டினார். வகுப்பு கலைந்த பிறகு அவர் மட்டும் நின்றார். கரும்பலகையை அழித்தார், டஸ்டரை நான்காக மடித்தார்.

“டீச்சர், ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு உங்களப் பாத்து ‘நாங்க’ன்னு சொல்லிச்சுல்ல. அதுல நீங்க இல்ல, அது புரியுது.” மடித்த டஸ்டரை மேசை ஓரத்தோடு பொருத்தி வைத்தார். “அந்த ‘நாங்க’ல நான் இருக்கேனா?”

தமிழில் இதற்கு விடை இல்லை. கேட்பவரைத்தான் அந்தச் சொல் வெளியே நிறுத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை என்ன செய்கிறது என்று எந்த இலக்கணமும் சொல்வதில்லை. எனக்கு விடை தெரியும், இலக்கணத்திலிருந்து அல்ல, படிக்கட்டிலிருந்து. ஆனாலும், “அவ பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க அக்கா. இலக்கணப்படி இருக்கீங்க,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்தது. பிள்ளைகள் எப்படியும் கூப்பிட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசித் தேர்வு முடிந்து கேட்டுக்கு வெளியே ஒரே கூச்சல். பெரியவர்போல ஒதுங்காமல் அக்காவும் அந்தக் கூச்சலில் நின்றார், தேர்வை நன்றாக எழுதிய முகம். லீடர் ஒரு பெரிய பையோடு அவரிடம் வந்தாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன் அடித்திருக்கிறார்கள், நெஞ்சில் ‘ஒருவழியா முடிச்சாச்சு’ என்று எழுத்து. “அக்கா, நாங்க சனிக்கிழம காலையில கிளம்புறோம். இத மட்டும் தேச்சுக் குடுத்துடுறீங்களா? ஒரே கசங்கல்.”

அவர் பையை வாங்கினார். எதையும் எண்ணித்தான் வாங்குவார், தொழில் பழக்கம். விரலால் ஓரங்களைத் தள்ளித் தள்ளி எண்ணினார். பதினொன்று. முதலில் இருந்து இன்னொரு முறை எண்ணினார். நான் ஐந்தடி தூரத்தில் நிற்கிறேன். வாயைத் திறந்திருக்கலாம். வாய் முந்துகிற எனக்கு அந்த ஒரு நாள் வாய் வரவில்லை.

“எழுத்து மேல பெட்டி படக்கூடாது, உருகிடும். திருப்பிப் போட்டுத் தேய்க்கிறேன்,” என்றார் அக்கா. எந்த அறைகள் என்று கேட்டார். ஏழு, எட்டு, ஒன்பது என்றாள் லீடர். “ஒம்பது வேணாம் கண்ணு. அங்க எதுவோ ஒழுகுது. எப்பவும் ஷீட்டு ஓரத்துல ஈரக் கற. மாத்தித் தரச் சொல்லி கேளு.” ‘அக்கான்னா அக்காதான்’ என்று அவரைக் கட்டிக்கொண்டு ஓடினாள் அந்தப் பெண். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவள் கேட்கத்தான் கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் புடவைகளைத் தூக்கிக்கொண்டு லாண்டரிக்குப் போனேன். தேய்க்க அவசியமே இல்லாத புடவைகள். முதலாளி ரசீது எழுதியபடி அங்கலாய்த்தார். பரீட்சை நாட்களை விட்டால், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்தம்மா லீவு கேட்டார்களாம், சனியும் ஞாயிறும். அவரும் கொடுத்தாராம். “ரெண்டு நாளும் காலையில ஏழு மணிக்கு வந்து நின்னாங்க டீச்சர். ஏன்னு கேட்டா வேல இருக்குங்கறாங்க.”

அக்கா பின்பக்கத்தில் இருந்தார். ரிசார்ட் மூட்டைகள் அவிழாமல் கிடந்தன. காலில் புது ரப்பர் செருப்பு, நீல வார், தண்ணீரில் நனைந்தாலும் கெடாத வகை. லாண்டரிக்குப் போட்டு வருகிற செருப்பு அது இல்லை.

தனியாகவாவது ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று அசட்டுத்தனமாக ஆரம்பித்தேன்.

“கடலப் பாக்கவா டீச்சர் நான் ஆசப்பட்டேன்?” மூட்டையின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். “தண்ணிய எந்த பஸ்ஸுல ஏறிப் போயும் பாத்துக்கலாம். பரீட்ச எழுதிட்டு, கூட எழுதினவங்களோட, எந்தக் கேள்விக்கு என்ன எழுதினன்னு சத்தமா பேசிக்கிட்டே போகணும். அது ஒரு தடவதான் வரும். எனக்கு ரெண்டாவது தடவ வந்துது.”

அப்போது சொன்னேன். படிக்கட்டு, பஸ், லீவு கிடைக்காது என்று நான் சொன்னது, பிறகு இலக்கணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, எல்லாவற்றையும். மன்னிப்பும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் விரிப்புகளின் மூலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. பத்து, அறையை மாற்றி வாங்கியிருக்கிறார்கள். எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

“அப்ப அந்தப் புள்ள கேட்டிருக்கா,” என்றார் கடைசியில்.

“கேட்டா அக்கா. கூப்பிடத்தான் கேட்டா.”

அவர் எட்டாம் எண் விரிப்பை முகத்தருகே கொண்டுபோனார். உதறவில்லை. சிமெண்டுத் தரையில் அப்படியே விரித்தார், மணல் சிந்தாமல், மூலை மூலையாக. பதினோரு பேரும் அந்த ஒரு அறையில்தான் உட்கார்ந்து அரட்டை அடித்திருக்க வேண்டும், அவ்வளவு மணல். நடுவில் இருந்த சுருக்கத்தை நீவக் கையைக் கொண்டுபோனவர், நீவாமல் எடுத்துக்கொண்டார். நீல வார்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, விரிப்பின் மேல் ஏறி நின்றார். கால்விரல்களை மணலுக்குள் மடக்கினார். பிறகு என்னையும் என் செருப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.