முன்வரிசையில் கிடந்த கைக்குட்டை

பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், "அதுக்கு ரேஷன் கார்டு இருக்கா?" என்று கேட்கிற ஆள் நான். இதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள், கேளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒத்தக்கடையில் ஒரு பள்ளியில் டீச்சர். மதுரையில் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் சின்னக் குழு ஒன்று இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் சம்பளமில்லாத வேலை பார்த்தேன். அந்த வாரம் கீழவாசல் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தியேட்டர். நாடகக் கொட்டகையாக இருந்து சினிமாவுக்கு மாறியது. முதல் தடவையாக நான்தான் பேச வேண்டும்.

அந்த நேரம் பார்த்து சித்தி போன் செய்தாள். "ஏடி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உன்னைய நேர்ல பாக்க அங்க வாராங்களாம். சொல்லாமத்தான் வாராங்க. நீ தெரியாத மாதிரியே இரு."

கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்ட ஒரே மாப்பிள்ளை அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டும். ஆனால் முடிவு அவர் அம்மா கையில். அந்த அம்மா வாய்ச்சண்டையில் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

பயத்தில் சனிக்கிழமை சாயங்காலம் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போய் ஒத்திகை பார்த்தேன். "இந்த மேடை வளைவில் இரும்பே கிடையாது, செங்கலும் சுண்ணாம்பும்தான்" என்று ஆரம்பித்தால் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்து, "நாளைக்கு யாராச்சும் வந்து முன்னாடி உக்காந்து, இந்தப் புள்ள நல்லாப் பேசுதுன்னு நாலு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. எந்தப் பைத்தியம் சொல்லும்?

மறுநாள் நல்ல கூட்டம். அந்தக் காலத்து தியேட்டர் ஆதலால் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்க நடுவில் இடுப்பளவு சுவர் உண்டு, அதன்படியே எல்லாரையும் உட்காரச் சொன்னோம். பெண்கள் பக்கம் முன்வரிசையில் நடு நாற்காலியில் ஒரு கைக்குட்டை கிடந்தது. பச்சைக் கரை, ஒரு முனையில் முடிச்சு. நம் ஊரில் கைக்குட்டை கிடந்தால் அது பட்டா போட்ட நிலம் மாதிரி. வந்த பெண்கள் எல்லாரும் அதை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் கடைசியாக வந்தார்கள், சித்தி காட்டிய போட்டோவில் பார்த்த முகங்கள். அந்த அம்மா நேராக முன்வரிசைக்கு வந்தார். கைக்குட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஜம்மென்று உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கிறேன், அவர் இடது பக்கம் திரும்பி, "கர்ச்சீப்பு போட்டா உங்க சீட்டாகிருமா? பேரு எழுதியிருக்கா?" என்றார்.

இடது பக்கம் காற்றுதான் இருந்தது.

"அதுக்காக இப்பிடியா பேசுவீக? இந்தாங்க, நீங்களே உக்காருங்க!" என்று எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து நாற்காலிக்கு மாறினார். நம்புங்கள், தோற்றுவிட்டார்! கைக்குட்டை மறுபடி நடு நாற்காலியில் இருந்தது. யார் எடுத்துப் போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை கூச்சத்தில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் போச்சு என்று எனக்கு உறுதியாகிவிட்டது. போனது போகட்டும் என்றதும் பாருங்கள், நாக்கு தானாகக் கழன்றுகொண்டது. வளைவு, தேக்குத் தூண், காற்று வர வைத்த ஓட்டைகள் என்று வெளுத்து வாங்கினேன். அந்த அம்மா மட்டும் அடிக்கடி காலி நாற்காலிப் பக்கம் சாய்ந்து, காது கொடுத்து, வாயைப் பொத்திச் சிரித்தார்.

முடிந்ததும் வாசலில் என் கையில் ஒரு பன்னீர் சோடாவைத் திணித்தார்.

"நாந்தாம்மா மாப்பிள்ளையோட அம்மா. எனக்குச் சம்மதம். எம்பக்கத்துல உக்காந்திருந்துச்சே ஒரு பொம்பள, ஆத்தாடி, என்னா வாயி! ஆனா அம்புட்டு நேரமும் உன்னையத்தான் புகழ்ந்துச்சு. 'நேத்தே இந்தப் புள்ள கும்பிட்டுக் கூப்பிட்டுச்சு, அதான் முன்னாடியே வந்து இடம் போட்டேன்'னு சொல்லுச்சு. உங்களுக்குச் சொந்தமா?"

சோடா மூக்கில் ஏறிவிட்டது. இல்லை என்று சொன்னால் கல்யாணம் நின்றுபோகும்.

"தூரத்துச் சொந்தம், அத்தை" என்றேன்.

"அதான பாத்தேன். கல்யாணத்துக்கு நானே வரச் சொல்லிட்டேன்."

கல்யாணத்தன்று மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் சனம் நின்றுகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. பச்சைக் கரைக் கைக்குட்டை, முனையில் முடிச்சு. மணவறையில் இருந்தவள் எழுந்து ஓடவா முடியும்? தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் நல்ல அடக்கமான பெண் என்றார்கள்.

அந்தத் தியேட்டரை இடித்து வருஷக்கணக்காகிறது. போன மாதம் என் மகளுக்கு ஜாதகம் எடுத்தோம். வெற்றிலை போட்டுக்கொண்டே அத்தை சாதாரணமாகச் சொன்னார்: "அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். நல்ல எடமாப் பாத்துச் சொல்றேன்னுச்சு."

எங்கே பார்த்தீர்கள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.