ஜெயராணி படித்த படிப்பு

நோர்வேக்காரர்கள் வெளியில் போட்ட உடுப்போடு வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். வாசலை ஒட்டி 'காங்' என்று ஒரு சின்ன நடை இருக்கும். கோட்டு, தொப்பி, சப்பாத்து எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிவிட வேண்டும். வந்த புதிதில் நம்மவர்கள் பலருக்கு இது பெரிய ரோதனை. எனக்கு மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இதைச் செய்துதான் வளர்ந்தேன். ஆனாலும் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில், கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. உள்ளே ஆள் இருக்கிற மாதிரியே அது தொங்கும்.

என் பெயர் காமாட்சி. கடவுச்சீட்டிலும் சான்றிதழ்களிலும் ஜெயராணி. ஜெயராணி எனக்கு முன்னால் பிறந்து, தவழும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்ட என் அக்கா. அவள் பிறந்ததை அப்பா பதிந்தார், இறந்ததைப் பதியவில்லை. நான் பிறந்ததையும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். தகரப் பெட்டியில் இருந்தது அவளுடையது மட்டும்தான். "படிக்கத்தானே கேக்குறாங்க, யாரு பேர்ல படிச்சா என்ன?" என்று அப்பா அதையே கொண்டுபோய் நீட்டிவிட்டார். தோட்டத்தில் இப்படி நடந்தது எங்கள் வீட்டில் மட்டுமல்ல. வாசிக்கிற உங்களில் சிலர் இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அம்மா அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்த பிள்ளையின் பெயரை நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குள் சொன்னால் அது திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் காலையில் லயத்துக்குக் கீழே தண்ணீர் விழும் பீலியடிக்குக் கூட்டிப்போய், அங்கே வைத்துத்தான் யூனிபோர்மைப் போட்டுவிடுவாள். "இப்ப நீ ஜெயராணி. போய்ட்டு வா" என்பாள். திரும்பி வந்ததும் அங்கேயே அதைக் கழற்றி, முகம் கழுவி, வீட்டுப் பாவாடைக்கு மாறிய பிறகுதான் "வாடி காமாச்சி" என்று உள்ளே விடுவாள். நான் பெரியபிள்ளையானதும் சாக்குக் கட்டி மறைப்புப் போட்டுக் கொடுத்தாளே தவிர, வழக்கத்தை விடவில்லை.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "வந்திருக்கேன் டீச்சர்" என்று முதல் ஆளாகக் கத்துவேன். வாய்ப்பாடு கடகடவென்று வரும். வீட்டுப்பாடத்தைப் பீலியடிக் கல்லில் உட்கார்ந்து, யூனிபோர்மோடேயே முடித்துவிடுவேன். ஆனால் உள்ளே போன பிறகு அம்மா மருந்துப் போத்தலை நீட்டி வாசிக்கச் சொன்னால் எழுத்து கண்ணுக்குத் தெரியும், வாயில் வராது. நடிக்கிறேன் என்று அப்பா அடித்திருக்கிறார். நான் நடிக்கவில்லை. படித்தவள் வெளியே இறவாரத்துக் கொடியில் யூனிபோர்மோடு தொங்கிக்கொண்டிருந்தாள்.

ஓ.எல். பரீட்சை பாஸான அன்று அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் அக்காவைப் புதைத்த கொய்யா மரத்தடிக்குப் போனாள். அங்கே குந்தி, மண்ணைத் தடவி, "பாத்தியாடி ராணி, பாஸாயிட்ட. கணக்குக்கு ஏ எடுத்திருக்க" என்றாள். "அம்மா, நான்தானே எழுதுனேன்?" என்றேன். அவள் திரும்பி, கோபமே இல்லாமல், "ஆமாடி, நீயும்தான கூடப் போன" என்றாள்.

பிறகு நோர்வேயில் இருந்த ஹாலிஎலைக்காரர் ஒருவரைக் கட்டி இந்த ஊருக்கு வந்தேன். இப்போது முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன். வகுப்புக்கு இங்க்ரிட் என்ற ஆசிரியை. ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்றுவரை எனக்கு நாக்கு கூசுகிறது. அவர் என்னை "யெயராணி" என்பார், நான் "யா" என்பேன். பாடத்தை இங்கேயும் காங்கில் முக்காலி போட்டு, கோட்டோடுதான் படிக்கிறேன். எனக்குக் குளிர் தாங்கவில்லை என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் இங்க்ரிட், கல்வி தங்களை யாராக ஆக்கியது என்று ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். என் முறை வந்தபோது, "படித்ததெல்லாம் என் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்காதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நல்ல அக்கா! இப்போது என்ன செய்கிறார்?"

"படித்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் அழுகையும் ஆத்திரமுமாக ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த நாட்டில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பயிற்சிச் சான்றிதழாவது காமாட்சியின் பெயரில் வரவேண்டும். வாழ்க்கையில் ஒரு தாளாவது, நான் கற்றேன் என்று என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். எங்கள் லயத்தில் கொய்யா மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அவள் முகத்துக்குப் பின்னால் மரம் தெரிந்தது, பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அவ படிச்சத நீ எதுக்குடி எடுக்கப் பாக்குற?"

"நான் படிச்சதும்மா."

"ஒனக்குப் புருஷன் இருக்கான், வீடு இருக்கு, திங்கச் சோறு இருக்கு. அவளுக்குப் படிப்பத் தவிர வேற என்னடி இருக்கு?"

படம் உறைந்து நின்றது. அம்மாவின் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மூட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் இங்க்ரிட் "யெயராணி" என்றபோது வாயை இறுக்க மூடிக்கொண்டேன். இந்தப் பெயருக்கு நான் இல்லை என்பதை ஒருநாளாவது நிரூபித்துவிட வேண்டும் என்றிருந்தது. அவர் என் பக்கம் பார்த்துச் சிரித்து, வருகைப் பதிவில் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். இடைவேளையில் போய், "நான் இன்று பதில் சொல்லவில்லையே?" என்றேன்.

"சொன்னீர்களே. வழக்கமான 'யா' இல்லை. உங்கள் மொழியில் என்னவோ." கேட்டதைத் திருப்பிச் சொல்ல முயன்றார். அவர் வாயில் அது உடைந்து வந்தாலும் எனக்கு விளங்கியது. வந்திருக்கேன் டீச்சர்.

அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினேன். முகம் கழுவி, வீட்டு உடுப்புக்கு மாறினேன். காங்குக்கும் அறைக்கும் நடுவிலுள்ள கதவைச் சாத்தாமல், மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். காமாட்சியாக நான் ஒரு வரியும் வாசித்ததில்லை. முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, சத்தமாகத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் ஒரு நீண்ட நோர்வேச் சொல்லில் நாக்கு தடுக்கி நின்றுவிட்டது. கோட்டு தொங்கும் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல், பொறுமையாக, அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது. நான் திருப்பிச் சொன்னேன். சான்றிதழ் அவள் பெயரிலேயே வரட்டும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனேன்.