மருந்து வைத்தவள்

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து காஜா பெராங்குக்கு மருமகளாக வந்தவள். வீட்டில் நான், கணவர், அவருடைய அம்மா, மூன்றே பேர். கணவர் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சாக இருந்த அந்த வருஷத்தில்தான் அவருக்குச் சாப்பாடு வயிற்றில் தங்காமல் போனது.

முதலில் வாயில் புண். காரம் பட்டால் துடிப்பார். பிறகு நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு அடைத்துக்கொண்டது. காலையில் தின்ற இட்லி சாயங்காலம் அப்படியே வாந்தியாக வந்தது. காக்கிச் சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பித்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் பிள்ளை கல்லைத் தின்னாலும் செரிச்சிடுவான்" என்றார் அத்தை, அடுப்பைப் பார்த்து.

எனக்குப் புரிந்தது. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று எங்கள் தோட்டத்திலும் பெண்களைச் சொல்வார்கள். அதன்பின் நான் சமைக்கும்போதெல்லாம் அத்தை காய் நறுக்கும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தார். உப்பு ஜாடியை மோந்து பார்த்தார். என் தகரப் பெட்டியில் துணிகளின் மடிப்பு மாறியிருந்தது. எதிர்வீட்டுச் செட்டி அம்மா கொண்டுவந்த கஞ்சி சாக்கடைக்குப் போனது. தலைமுறைகளாக இங்கேயே இருந்து மலாய் பேசிப் பழகிய குடும்பம், அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. அவர் மலாயில் சிரித்துப் பேசுவதே அத்தைக்குச் சந்தேகம்.

எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அத்தை தன் கையால் ஒரு கஷாயம் கொடுப்பார். அதைக் குடித்தால் வாந்தி அதிகமாகும். கேட்டதற்கு, "பெத்தவ விஷமா கொடுப்பேன்?" என்றார். கணவர் எங்கள் இருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் போட்ட சோற்றை விரலால் கிளறிப் பார்த்த பிறகுதான் வாயில் வைத்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அவரைப் புக்கிட் ரம்பாயில் மருந்து எடுக்கிற ஆளிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். அந்த ஆள் அவர் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினான்.

"பார்த்தியா?" என்று அத்தை என்னைப் பார்த்தார்.

நான் அவன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பும்வரை அது ஒரு பக்கம் உப்பியிருந்தது. பிறகு வாந்தி எடுக்க ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்தான். வீடு வந்து சேருவதற்குள் கணவர் சாலையோரத்தில் சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒன்றைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அல்சராக இருக்கும் என்றார்கள். ஆனால் ஆபரேஷன் செய்து பார்த்த வெள்ளைக்கார டாக்டர் வேறு சொன்னார். தமிழ் பேசும் நர்ஸ் மிஸ்ஸி கணவரின் கட்டிலருகே நின்று எங்களுக்கு விளக்கினார்.

"இது ஒரு குடல் வியாதிம்மா. சிறுகுடல் கடைசியில தடிச்சுப் போயிருக்கு. மேலே இரைப்பை வாசல்லயும் அதேதான், அங்க வர்றது அபூர்வமாம். வாய்ப்புண்ணும் இதோட சேர்ந்ததுதான்னு டாக்டர் நினைக்கிறார். அடைச்ச இடத்தை அப்படியே விட்டுட்டு, இரைப்பையைக் குடலோட சேர்த்துத் தைச்சு வேற வழி பண்ணியிருக்காங்க."

"சாப்பாட்டுல யாராச்சும் எதாச்சும்..." என்று அத்தை இழுத்தார்.

"அதெல்லாம் இல்லை."

"அப்ப எதனால வந்துச்சு?"

மிஸ்ஸி டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். "அது யாருக்கும் தெரியாதாம்."

அவர் நகர்ந்ததும் அத்தை என் பக்கம் திரும்பினார். "எதனாலன்னே தெரியாதவங்களுக்கு, மருந்து வைக்கலைன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

கண்ணைத் திறக்காமல் கணவர்தான் பேசினார். "விடும்மா. இவ வர்றதுக்கு முன்னாடியே புண்ணும் வலியும் இருந்துச்சு. கல்யாணம் நின்னுடும்னு நான்தான் சொல்லல."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அப்புறம் என் சமையல் பக்கம் வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அவர் கொஞ்சம் தேறி உட்கார்ந்ததும் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சும் என் சோத்தை ஏங்க கிளறினீங்க?"

வயிற்றுத் தையலைத் தடவிக்கொண்டே சொன்னார். "வியாதின்னு நினைக்கப் பயமா இருந்துச்சு. நீ மருந்து வெச்சிருப்பேன்னு நினைச்சா, அதை எடுத்துட்டாச் சரியாப் போயிடுமில்ல?"

நோய் விட்டுவிட்டு வந்தது. மெலிந்த உடம்போடுதான் என்றாலும் மறுபடி பஸ்ஸில் ஏறினார், பிள்ளைகளையும் வளர்த்தோம். அவர் சொன்னது எனக்கு அன்றே விளங்கியது. மன்னிக்க மட்டும் வெகுகாலம் பிடித்தது.