சிறுமலைக்குக் கொடி வேண்டுமாம்

எங்கள் பள்ளியில் புதிய கலையரங்கம் கட்டினார்கள். மேடைக்குப் பின்னால் உள்ள சுவரில் மாட்ட ஒரு பெரிய ஓவியம் வேண்டும் என்று தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "பாத்த உடனே நம்ம மண்ணுன்னு தெரியணும் டீச்சர்." அவ்வளவுதான் சொன்னார். நான் அதை மறக்கவில்லை. அவர் மறந்துவிட்டார்.

நான் அங்கே ஓவிய ஆசிரியை. அது என்ன வேலை என்று வெளியில் தெரியாது. ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோலில் எழுத்து வெட்ட வேண்டும். அதிகாரி யாராவது வந்தால் வாசலில் கோலம் போட வேண்டும். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் என் வகுப்பைத்தான் எடுத்துக்கொள்வார். கல்லூரியை விட்டு வந்தபின் எனக்கென்று ஒரு பெரிய ஓவியம் செய்ததே இல்லை. இது ஒன்றாவது சுவரில் ஏறட்டும் என்று நினைத்தேன். வேறு ஆசை எதுவும் இல்லை.

சின்னாளப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் திண்டுக்கல் பள்ளிக்கு வருகிறேன். வலது பக்கம் உட்கார்ந்தால் சிறுமலை கூடவே வரும். ஐப்பசியில் மழைக்கு முன்னால் மலையின் இடுப்பில் மேகம் உட்கார்ந்திருக்கும். மேலே கருநீலம், கீழே உழுது போட்ட செம்மண், நடுவில் ஒன்றுமே இல்லாத வெள்ளை. அதைத்தான் வரைந்தேன்.

வரைந்த முறை ஜப்பான்காரர்களுடையது. கல்லூரியில் படித்தபோது அந்த ஊர் அம்மா ஒருவர் வந்து ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். கல்லையும் மண்ணையும் பொடித்து, தோல் பசையில் குழைத்து, மெல்லிசாக, அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே போக வேண்டும். பசைக்கு நான் அலையவில்லை. திண்டுக்கல்லில் தோலுக்கா பஞ்சம்? தச்சர்கள் வஜ்ரம் என்று வாங்குகிற அதே பசைதான். சிவப்புக்கு எங்கள் ஊர்ச் செம்மண், வெள்ளைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குக் கரி. நாலு பெரிய பலகை. கோடை விடுமுறை முழுக்க அதிலேயே போனது.

ஓவியத்தைப் பார்க்கத் தாளாளர் வந்தார். கூடவே ஓர் ஆலோசகரையும் அழைத்து வந்திருந்தார். மதுரையில் கலை வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். தாளாளருக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆலோசகர் தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்ல வேலைதாம்மா. ஆனா இது ஜப்பான் பாணி. தேசியம் இதுல எங்க இருக்கு?"

"அது சிறுமலை சார்."

"மலை நம்மது. பாணி நம்மது இல்லையே."

பலகை தூக்க வந்திருந்த பி.டி. மாஸ்டர் என் காதில், "டீச்சர், சிறுமலைகிட்ட பாஸ்போர்ட் கேக்குறாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலோசகர் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார். காவி உடுத்து, நாலு கையோடு, பனிக்குள் நிற்பது மாதிரி ஒரு பெண். தேசமே பெண்ணாக நிற்கிறதாம். நூறு வருஷத்துக்கும் முன்னால் கல்கத்தாவில் வரைந்தது. "இது மாதிரி இருக்கணும். சுத்தமான இந்திய பாணி."

அந்தப் பனி எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் ஜப்பானிலிருந்து ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்து தங்கினார்கள். தாளை நனைத்து, வண்ணத்தைக் கரையவிட்டு, கோட்டை அழிக்கிற வித்தையை நம் ஆட்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஜப்பான் ஓவியர்களை அவர்கள் ஊரிலேயே திட்டியிருக்கிறார்கள். கோடு இல்லை, மூட்டமாக இருக்கிறது, இது ஜப்பான் ஓவியமே இல்லை, மேற்கத்தியக் காப்பி என்று. ஜப்பான் ஓவியம் என்ற பெயரே அப்போது புதுசு. அதற்கு முன் அங்கே ஒவ்வொரு பரம்பரைக்கும் ஒவ்வொரு பெயர் இருந்தது. ஐரோப்பாவின் எண்ணெய் வண்ணம் வந்து இறங்கியபிறகுதான், அது அல்லாத எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இந்தப் பெயரை ஒட்டினார்கள். பழசை விடாதீர்கள் என்று ஜப்பான்காரர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஓர் அமெரிக்க வாத்தியாரும் உண்டு.

இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தாளாளர் ஜன்னலைப் பார்த்தார்.

ஆலோசகர் அசரவில்லை. "எல்லாம் எனக்குத் தெரியும்மா. வாங்கினோம், நம்மதாக்கிட்டோம்."

"அப்ப நானும் ஆக்கிட்டுப் போறேன் சார். கல்கத்தாக்காரங்களுக்கு உண்டு, எனக்கு இல்லையா? இதுல இருக்கற மண்ணு எங்க ஊரு, பசை இந்த ஊரு. இன்னும் எத்தனை வருஷம் ஆகணும்னு சொல்லுங்க, காத்திருக்கேன்."

அவர் செல்போனைப் பைக்குள் போட்டார்.

நான் ஜப்பானுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மூட்டம் என்று வசை வாங்கியவர்களில் ஒருவர் பிற்பாடு பெரிய ஆளாகி, போர்க் காலத்தில் தங்கள் மலையையும் சூரியனையும் தேசம் தேசம் என்று வரைந்தார். அந்தப் படங்களை விற்ற காசு போர் விமானத்துக்குப் போனது. கல்லூரியில் அதைப் படித்தேன். ஒரு மலையைத் தேசத்தின் கையில் கொடுத்தால் அது என்ன ஆகும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

தாளாளர் கெட்டவர் இல்லை. இரண்டு பேரையும் சமாதானம் செய்யத்தான் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம் டீச்சர். மலை உச்சியில சின்னதா ஒரு கொடி வரைஞ்சிருங்க. மூணு கலர்தான. செத்த நேர வேலை. சார், போதும்ல?"

ஆலோசகர் தலையாட்டினார். "போதும். அப்ப சரியாயிரும்."

எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். இம்புட்டு நேரம் பாணி, பரம்பரை, சுத்தம் என்று பேசியவருக்கு விரல் அளவு கொடி போதுமாம். அப்படியானால் அவர் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. கொடி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொடிமரத்தைச் சுற்றிக் கோலம் போடுகிறவள் நான்தான். ஆனால் அந்த மலை உச்சியில் நான் பார்த்தது வெறும் கருநீலம். அதைத்தான் வரைவேன்.

"மாட்டேன் சார்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

அரங்கத் திறப்பு விழாவில் மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் தொங்கியது. அதே பெண், அதே பனி, இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்தது. ஓரத்தில் ஒரு கொடி. கீழே பள்ளியின் பெயர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நாலு பலகையும் லோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தன. எங்கள் வீடு அதற்கு ஏற்ற வீடு இல்லை. கூடத்துச் சுவர் முழுக்க நிறைந்து, மிச்சம் சமையலறை வாசலில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் வீட்டுக்காரர் தட்டோடு பக்கவாட்டில் நுழைந்து வருகிறார்.

"சாப்பிடணும்னா சிறுமலையைச் சுத்திக்கிட்டுத்தான் வரணுமா?"

"ஆமா. வாங்க."

அவர் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு மலையை நிமிர்ந்து பார்த்தார். "கொடிய வரைஞ்சிருந்தா இந்நேரம் அங்க தொங்கியிருக்கும்ல" என்றார்.

"தொங்கியிருக்கும்" என்றேன். "வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைக்கவா?"