சங்கிலி போடாத மேயர்

நாய் இருக்கும் வீடுகளில் நோரீன் ஓல்ட்ராய்ட் கையை நீட்டுவதில்லை. கேக் மாவு கிளறும் மரக்கரண்டியின் மேல் தேர்தல் பற்றிய தாளை வைத்து, கதவில் இருக்கும் தபால் துவாரத்துக்குள் விட்டு, உள்ளே தள்ளிவிடுகிறார். போன வாரம் ஒரு நாய் கரண்டியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. நோரீனும் விடவில்லை. சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். "நீயே வந்துட்டியா, நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை எலெக்‌ஷன், தெரியும்ல கண்ணு?" என்று நோரீன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

நோரீனுக்கு எழுபத்து மூன்று வயது. எந்தக் கட்சியும் இல்லை. முப்பது வருடம் ஹாக்ஸ்லி பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரிமாறியவர். வரிசையை அதட்டிய குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. பத்தொன்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னையும் 'கண்ணு' என்பார், தபால்காரரையும் 'கண்ணு' என்பார். தெருவில் வண்டியை மறித்து நிறுத்திய போலீஸ்காரரையும் ஒருமுறை அப்படித்தான் கூப்பிட்டு நகரச் சொன்னார்.

அவர் போடும் தாளில் நாலே வரி. நமக்கு மேயர் இரண்டு பேர். கழுத்தில் சங்கிலி போட்டவர் ஊர் மேயர், கண்காட்சி திறக்க வருவார். சங்கிலி போடாதவர் வட்டார மேயர், பஸ் அவர் கையில். வியாழக்கிழமை தேர்ந்தெடுக்கப் போவது அவரைத்தான்.

இந்த நாலு வரியைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. எங்கள் மேட்டுத் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் எழுபத்து நாலாம் நம்பர் பஸ்ஸை ஒரு நாளைக்கு நாலு தடவையாகக் குறைத்துவிட்டார்கள். அந்த நாலிலும் ஒன்று வராது. நோரீனின் கணவர் கிளைவுக்குத் திங்கள், புதன், வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு டயாலிசிஸ். தாமதமாகப் போனால் மெஷினில் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். மறுநாள் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரி வண்டி கேட்டதற்கு, அவரால்தான் நடக்க முடிகிறதே என்று பதில் வந்தது.

நோரீன் மேயருக்கு எழுதினார். பதினொரு கடிதம், அத்தனையும் சங்கிலிக்காரருக்கு. பதினொன்றுக்கும் முத்திரை போட்ட அட்டையில் மரியாதையாகப் பதில் வந்ததுதான் கொடுமை. கடைசிப் பதிலில் தேநீருக்கு அழைப்பும் இருந்தது. "தங்கச் சங்கிலியோட அவரே கேக் வெட்டிக் குடுத்தாரு. அப்புறம், பஸ்ஸு என் கையில இல்லையேங்கிறாரு. இத மொதக் கடுதாசியிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? கேக் வேற நல்லா இருந்துச்சு, அதுல இன்னும் கோவம்."

இப்போது தெரு முழுக்க அதே குழப்பத்தோடு மல்லுக்கு நிற்கிறார். எதிர்வீட்டு டெரன்ஸிடம் அவர் பட்ட பாட்டை நானே பார்த்தேன்.

"மேயர் எலெக்‌ஷனா? அந்த ஆளு இப்பத்தான பூக்கண்காட்சிக்கு வந்துட்டுப் போனாரு?"

"அது வேற மேயர், டெரன்ஸ். இது பஸ்ஸுக்கு."

"எங்கிட்டதான் கார் இருக்கே, நோரீன்."

அந்த மரக்கரண்டியை வாங்கி டெரன்ஸின் மண்டையில் ஒன்று போடலாமா என்று எனக்கே தோன்றியது.

நேற்று திங்கட்கிழமை. வட்டார மேயர் பதவிக்கு நிற்கும் ஒருவர், புகைப்படம் எடுக்கும் பெண்ணோடு எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். நானும் பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தேன். "பதவிக்கு வந்த முதல் நாளே பஸ் விஷயத்தக் கையில எடுப்பேன்" என்று சொல்லி, நோரீனுக்கும் கிளைவுக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பஸ் வந்ததும் ஏறுவதைப் போல இன்னொரு படம் வேண்டும் என்றாள் அந்தப் பெண். பன்னிரண்டே முக்காலுக்கு வர வேண்டிய பஸ் ஒன்றேகால் ஆகியும் வரவில்லை. அடுத்தது மூன்று மணிக்குத்தான். கிளைவின் முகம் வெளுத்திருந்தது. எனக்கு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலிருந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கெட்ட மனிதர் என்று அந்த வேட்பாளரைச் சொல்ல முடியாது. "என் கார்லயே விட்டுடறேன், வாங்க" என்று அவரே கதவைத் திறந்துவிட்டார். நோரீன் கிளைவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, கம்பளிப் போர்வையைக் காலில் போர்த்தினார்.

"நீங்களும் ஏறுங்க மிஸஸ் ஓல்ட்ராய்ட், இடம் இருக்கே."

"நாளன்னிக்கு புதன்கிழமை. வருவீங்களா?"

அவர் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை எலெக்‌ஷன் முடிஞ்சிருக்கும். அன்னிக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது. புகைப்படப் பெண் கேமராவைப் பையில் வைத்தாள்.

"அவரப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. நான் பஸ்லயே வரேன்" என்றார் நோரீன். கார்க் கதவைச் சாத்தினார். பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் வர வேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.